தீர்மானம் போட்டாச்சு, அப்புறம்?

வாசகர் கேள்வி, 30 செப்டம்பர் 2024

நாளை மறுநாள் கிராம சபை. எங்கள் ஊருக்குக் காலை ஏழு மணிக்கு டவுன் பஸ் வேண்டும் என்று மூன்று வருடமாகத் தீர்மானம் போடுகிறோம். பஸ் வந்தபாடில்லை. இந்தத் தீர்மானத்துக்கெல்லாம் சட்டப்படி மதிப்பு உண்டா, இல்லை டீ, பிஸ்கட்டோடு முடிகிற விழாவா?

30 செப்டம்பர், இரவு

எங்கள் ஊரில் பிஸ்கட்டும் கிடையாது தம்பி, டீ மட்டும்தான்.

நான் 2011 முதல் 2016 வரை வார்டு உறுப்பினர். இப்போது சந்தைப்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை. ஊராட்சி மோட்டார் எரிந்தால் என் கடைக்குத்தான் வரும், பில் மட்டும் ஆறு மாதம் கழித்து வரும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 3ஆவது பிரிவு கிராம சபைக்குக் கொடுக்கும் வேலை நான்கு. ஊராட்சித் திட்டத்துக்கு ஒப்புதல், வரவு செலவுக்கு ஒப்புதல், தணிக்கை அறிக்கைக்கு ஒப்புதல், நடக்கிற வேலைகளைப் பரிசீலிப்பது. பஸ் இதில் எங்கேயும் இல்லை. அதனால் பஸ் கேட்டு நீங்கள் போடும் தீர்மானம் உண்மையில் ஒரு மனுதான். ஊரே சேர்ந்து கொடுக்கும் மனு என்ற மரியாதை அதற்கு உண்டு, கட்டளை என்ற பலம் கிடையாது.

கிளார்க் அதை யூனியன் ஆபீசுக்கு அனுப்புவார். அங்கே அது கட்டோடு கட்டாகக் கிடக்கும். தீர்மான நகலை நீங்களே வாங்கி, பஸ் டெப்போவில் கிளை மேலாளரிடம் கொடுத்து, இன்னொரு நகலில் சீல் வாங்கி வையுங்கள். அந்த நேரத்துக்கு எத்தனை பள்ளிப் பிள்ளைகள், எந்தப் பள்ளி, எத்தனை பேர் மில்லுக்குப் போகிறார்கள் என்று பெயரோடு ஒரு பட்டியலும் இணையுங்கள். டெப்போக்காரருக்குத் தீர்மானத்தைவிடத் தலைக்கணக்குதான் புரியும்.

இன்னொன்று, மொத்த வாக்காளர்களில் பத்து சதவீதம் பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

1 அக்டோபர்

தப்பு. பத்து சதவீதம் என்பது கேரளக் கணக்கு. நம் ஊரில் மக்கள்தொகையை வைத்துத்தான். 500 பேர் வரை 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. ஐந்து வருடம் உறுப்பினராக இருந்தவன் இதைத் தப்பாகச் சொன்னது எப்படி என்று அவர் கேட்டிருக்கிறார். நான் இருந்த ஐந்து வருடமும் வருகைப் பதிவேட்டில் எண்ணிக்கை எப்போதும் சரியாகவே இருந்தது. அதனால் எண்ணிப் பார்க்கும் தேவை வரவில்லை!

2 அக்டோபர், மாலை

கூட்டத்துக்குப் போய் வந்தேன். சூடு ஆறும் முன் எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊராட்சி மக்கள்தொகை மூவாயிரத்துச் சொச்சம், ஆக 200 பேர் வேண்டும். உட்கார்ந்திருந்தவர்களை எண்ணினேன், 74. பதிவேட்டில் 213 கையெழுத்து. நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களை வரிசையில் நிற்க வைத்துக் கையெழுத்து வாங்கியதும் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். போகாமல் என்ன செய்வார்கள்? காலையில் அடுப்பைக்கூட அணைக்காமல் வந்தவர்கள்.

கூட்டப் பொருள் முழுக்க மேலிருந்து அச்சாகி வந்தது. டெங்கு, பிளாஸ்டிக், மழைநீர் சேகரிப்பு. கிளார்க் படித்தார், பற்றாளராக, அதாவது கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பும் அலுவலராக, வந்தவர் மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு வரி: ஜல் ஜீவன் திட்டத்தில் அனைத்து வீடுகளுக்கும் குடிநீர்க் குழாய் இணைப்பு வழங்கப்பட்டதை சபை உறுதி செய்கிறது.

சாதாரண வரி இல்லை அது. ஊரில் எல்லா வீட்டுக்கும் குழாய் வந்துவிட்டது என்று அறிவிக்க கிராம சபையே சான்று கொடுக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் விதி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது கணக்கு. கேட்க நல்ல ஏற்பாடு. ஊர் சொன்னால்தான் செல்லும்.

அப்போது காலனியிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி எழுந்தது. என்னைப் பார்த்துத்தான் பேசியது, தலைவரைப் பார்த்து இல்லை. "ஏப்பா மெக்கானிக்கு, குழாய் இருக்கு, இல்லேங்கல. கடைசி பதினாலு வீட்டுக்கு அதுல காத்துதானே வருது. அதையும் எழுதச் சொல்லு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிளார்க், "அதெல்லாம் பராமரிப்பு, தனியா பார்ப்போம் பாட்டி" என்றார். அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

முடிந்ததும் மினிட் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று இருந்தது. பாட்டியின் கைநாட்டு பதிவேட்டின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அதன் பேச்சு எங்கேயும் இல்லை.

ஒரு ஆளை எண்ணிக்கைக்கு எடுத்துக்கொண்டு வாயை விட்டுவிடுவது இப்படித்தான்.

5 அக்டோபர்

இந்தக் கேள்வி பதில் இழையில் ஒருவர் உத்திரமேரூர்க் கல்வெட்டின் படத்தைப் போட்டு, "ஆயிரம் வருடம் முன்பே உலகுக்கு மக்களாட்சி சொன்ன இனம்" என்று எழுதியிருக்கிறார். எந்த உள்ளாட்சிக் கூட்டத்திலும் முதல் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்கப்பட்டது. என் உறுப்பினர் காலத்தில் நானும் பேசியிருக்கிறேன்.

முதலாம் பராந்தகன் காலம், 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடவோலையில் பெயர் எழுதிப் போட வேண்டுமென்றால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வேதப் பயிற்சியும் வேண்டும். அது பிராமணர் சபை. என் பாட்டனும் போயிருக்க முடியாது, படம் போட்டவரின் பாட்டனும் அநேகமாகப் போயிருக்க முடியாது.

ஆனால் அதே கல்வெட்டில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரர்களும் மறுபடி ஓலையில் பெயர் எழுத முடியாது. அதை மட்டும் யாரும் மேடையில் சொல்வதில்லை.

9 அக்டோபர்

"பாட்டி சொன்னபோது நீங்களும் சிரித்தீர்களே, ஏன்?" என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். நான்கு நாளாகப் பதில் எழுதாமல் இருந்தேன்.

சொல்கிறேன். எங்கள் கூட்டம் நடப்பது கோயில் மண்டபத்தில். நிழல், மின்விசிறி, மைக் செட் எல்லாம் அங்கே இருக்கிறது, வேறு இடம் இல்லை என்பார்கள். நானும் ஐந்து வருடம் அதையே சொன்னேன். காலனிக்காரர்கள் மண்டபத்துக்குள் வருவதில்லை. யாரும் வராதே என்று சொன்னதில்லை, அவர்களும் வந்ததில்லை. எதிரே புளியமரத்தடியில் நிற்பார்கள். மைக் சத்தம் அங்கேயும் கேட்கும், ஆனால் அங்கிருந்து பேசினால் இங்கே கேட்காது. பதிவேட்டை மட்டும் மரத்தடிக்குக் கொண்டுபோய் கையெழுத்து வாங்கி வருவோம். கொண்டுபோனவர்களில் நானும் ஒருவன்.

மதச்சார்புள்ள வளாகத்தில் கூட்டம் நடத்தக் கூடாது, குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சுற்றறிக்கை வரும். படித்துக் கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைப்போம்.

அன்று அந்தப் பாட்டி மரத்தடியிலிருந்து மண்டபப் படி வரைக்கும் வந்துதான் பேசியது. சிரித்தவர்கள் தண்ணீருக்காக மட்டும் சிரிக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. நான் எதற்குச் சிரித்தேன் என்பதை இன்னொரு நாள் எழுதுகிறேன். அதில் என் கடை சம்பந்தப்பட்டிருக்கிறது.

10 அக்டோபர்

"எல்லா ஊரும் அப்படி இல்லை" என்று மூன்று பேர். இல்லைதான். ஆனால் மதுரை மாவட்டம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும் விருதுநகர் மாவட்டம் கொட்டகச்சியேந்தலிலும் தலைவர் பதவி தனித் தொகுதி என்பதற்காக 1996 முதல் பத்து வருடம் தேர்தலே நடத்த முடியாமல் இருந்தது. 2006இல்தான் நடந்தது. மேலவளவில் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனை 1997 ஜூனில் கொன்றார்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படம் எல்லா பேப்பரிலும் வந்தது. கிராமத்தின் குரல் என்று எழுதும்போது கிராமத்துக்குள் யாருடைய குரல் என்றும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான்.

25 அக்டோபர், வெள்ளி

விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஒரு வாடிக்கையாளரோடு போனேன். மாதம் ஒருமுறை ஆட்சியர் தலைமையில் எல்லா மாவட்டத்திலும் நடப்பது. கிராம சபையைவிட இதுதான் உருப்படியான இடம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பாதி உண்மை. வேளாண்மை, மின்வாரியம், கூட்டுறவு, பொதுப்பணி என்று எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆட்சியர் பெயர் சொல்லி எழுப்பிக் கேட்கிறார். போன மாத மனுக்களுக்கான பதிலைப் புத்தகமாகவே கட்டி மேசையில் வைத்திருந்தார்கள். அதை நான் ரொம்ப நேரம் புரட்டினேன். பாதிக்கு மேல் "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்ற ஒரே பதில்தான். ஆனாலும் கேள்வி எண், கேட்டவர், பதில் சொன்ன அதிகாரியின் பதவி எல்லாம் அச்சில் இருக்கிறது. அடுத்த மாதம் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, "இது என்ன ஆச்சு?" என்று கேட்க முடிகிறது. என் வாடிக்கையாளர் அப்படிக் கேட்டுத்தான் சாய்ந்துபோன கம்பத்தை மாற்றியிருக்கிறார். கிராம சபையில் இந்த ஒன்றுதான் இல்லை. போன கூட்டத் தீர்மானத்தை யாரும் திரும்ப வாசிப்பதில்லை.

மீதிப் பாதி: பச்சைத் துண்டுகளை எண்ணினேன். பேசியவர்களில் பெரும்பாலோர் சங்கப் பொறுப்பாளர்கள், எல்லோருக்கும் சொந்தப் பட்டா உண்டு. குத்தகைக்குப் பயிர் வைப்பவன் ஒருவனும் பேசவில்லை. பேசினால் அடங்கல் (பயிர்க் கணக்கு) யார் பேரில் என்ற கேள்வி வரும், நிலக்காரர் அடுத்த வருடம் நிலம் தரமாட்டார். ஆடு மேய்ப்பவர்கள் இல்லை. களை எடுக்கும் பெண்கள் இல்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் விட்டுவிட்டு யார் வருவார்கள்? காட்டுப்பன்றியைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசினார்கள். பன்றிக்குத்தான் அன்று முழுப் பிரதிநிதித்துவம்.

1 நவம்பர்

இன்று உள்ளாட்சி நாள். 2022இலிருந்து வருடத்துக்கு நான்கு கிராம சபைக் கூட்டத்தோடு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறு. தீபாவளி வந்துவிட்டதால் இந்தத் தடவை 23ஆம் தேதிக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். உள்ளாட்சி நாளில் உள்ளாட்சிக்கு லீவு.

24 நவம்பர்

முதல் நாள் "மனுதான், கட்டளை இல்லை" என்று ரொம்பத் தெளிவாகச் சொல்லிவிட்டேன். அதைக் கொஞ்சம் திருத்த வேண்டும்.

நேற்று மேலூர்ப் பக்கம் ஊர் ஊராக டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்து அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். சுரங்க ஏலம் மத்திய அரசின் கையில். ஊராட்சிச் சட்டப்படி பார்த்தால் அந்தத் தீர்மானமும் பஸ் கேட்ட தம்பியின் தீர்மானமும் ஒரே ஜாதிதான். ஆனால் நேற்று அங்கே யாரும் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கக் கிளம்பவில்லை.

ஏகனாபுரத்திலும் பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து 2022 ஆகஸ்டிலிருந்து கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போடுகிறார்கள். அரசு அசையவில்லை. ஒடிசாவின் நியம்கிரியில் கதை வேறு. அங்கே உச்ச நீதிமன்றமே 2013 ஏப்ரலில் கிராம சபைகளைக் கேட்கச் சொன்னது, 12 சபைகள் கூடி 12ம் வேண்டாம் என்றன, பாக்சைட் சுரங்கம் நின்றது. வன உரிமைச் சட்டம் பின்னால் இருந்தது. மேலூருக்கும் பரந்தூருக்கும் அப்படி ஒரு முதுகெலும்பு கிடையாது.

ஆக, சட்டம் கொடுக்கும் பலம் ஒன்று, கூடுகிற கூட்டம் கொடுக்கும் பலம் இன்னொன்று. முதலாவதைப் பற்றி மட்டும் பேசியது என் தப்பு. ஆனால் இரண்டாவது பலம் குழாய்த் தண்ணீருக்கு வராது என்பதும் உண்மை. பதினாலு வீட்டுக்காக ஒரு ஊரே நடந்து போகாது.

எங்கள் ஊர்க் கூட்டம்? நேற்று எனக்குக் காய்ச்சல், போகவில்லை. போகாததற்குக் காய்ச்சல் மட்டும் காரணமில்லை.

25 நவம்பர்

சரி, கடை விஷயம். எங்கள் ஊர்த் தொட்டியிலிருந்து காலனிக்குப் போகும் லைன் மேட்டில் ஏறிப் போகிறது. வழியில் நாற்பது வீடு. அவற்றில் முக்கால்வாசி வீட்டில் குழாயோடு நேராக அரை ஹெச்.பி. மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். தொட்டி வால்வைத் திறந்த முக்கால் மணி நேரத்துக்குள் மேலே ஏறுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. அது சட்டவிரோதம், பறிமுதல் செய்யலாம், எல்லோருக்கும் தெரியும்.

அந்த மோட்டார்களில் பாதியை விற்றது நான். எல்லாவற்றுக்கும் காயில் கட்டுவது நான். பாட்டி தலைவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசியது அதனால்தான்.

26 நவம்பர்

திட்டியவர்களுக்கு: திட்டுங்கள். "குறைந்தது ஒத்துக்கொண்டீர்களே" என்று பாராட்டியவர்களுக்கு: அதைவிடத் திட்டு பரவாயில்லை.

6 ஜனவரி 2025

நேற்றோடு 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் முடிந்தது. எங்கள் ஊரும் அதில் உண்டு. 2021இல் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்கள் மட்டும் தப்பித்தன. இனிமேல் தனி அலுவலர், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலரான பி.டி.ஓ. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சி, 388 ஒன்றியம். வகுத்தால் ஒரு பி.டி.ஓ. தலையில் சராசரியாக 32 ஊர். 2016 அக்டோபரிலிருந்து மூன்று வருடத்துக்கு மேல் இப்படித்தான் ஓடியது. தேர்தல் நடத்தாததால் மத்திய நிதிக்குழு மானியமும் தடைபட்டது. என் மோட்டார் பில்கள் அப்போதுதான் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடமாக வளர்ந்தன.

எங்கள் தலைவர் ஒரு பெண். கூட்டத்தில் பதில் சொல்வது அவர் கணவர் என்று நான் பல முறை கிண்டல் செய்திருக்கிறேன், இங்கேயும் ஒரு தடவை எழுதி அழித்தேன். காண்டிராக்ட் வேலை பற்றிப் பதில் சொன்னது கணவர்தான். ஆனால் ஐந்து வருடமாகக் காலை ஆறு மணிக்கு டேங்க் ஆபரேட்டருக்கு போன் போட்டு, "வால்வைத் திறந்தாச்சா அண்ணே?" என்று கேட்டது அந்த அம்மாதான். இன்று காலை ஆபரேட்டர் கடைக்கு வந்து, "இனி யாருண்ணே எனக்கு போன் பண்ணுவா?" என்றார். பாதி கிண்டல்தான், ஆனால் பி.டி.ஓ. 32 ஊருக்கும் ஆறு மணிக்கு போன் போட முடியாது.

மாவட்டத் திட்டக்குழு இருக்கிறதே என்று ஒருவர். இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கு தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்கிறது அரசியலமைப்பு. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வீட்டுக்குப் போனபின் கிராமத்துக்காக அதில் யார் உட்காருவது?

24 ஜனவரி

டங்ஸ்டன் ஏலத்தை மத்திய அரசு நேற்று ரத்து செய்துவிட்டது. மேலூர்க்காரர்களுக்கு ஒரு சல்யூட்.

27 ஜனவரி

நேற்றைய கூட்டம். ஞாயிற்றுக்கிழமை. தனி அலுவலர் வரவில்லை, வேறு ஒருவரைப் பற்றாளராக அனுப்பியிருந்தார்.

நானும் இன்னும் நாலு பேரும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்ததால் கூட்டம் காலனிப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. கோயில் தெருவிலிருந்து வந்தவர்கள் பதினொரு பேர். இந்தத் தடவை அவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். உள்ளே வாருங்கள் என்று காலனிப் பையன்கள் நாற்காலி போட்டுக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

அக்டோபர் 2 தீர்மானத்தை வாசிக்கச் சொன்னேன். கிளார்க் முதலில் வழக்கமில்லை என்றார், பற்றாளர் வாசியுங்கள் என்றார். "அனைத்து வீடுகளுக்கும்" என்ற இடத்தில் யாரோ கைதட்டினார்கள். பாட்டி வரவில்லை, மகள் வீட்டுக்குப் போயிருந்தது. அது சொன்னதை நான் சொன்னேன். கிளார்க் எழுதினார்: காலனி கடைசி 14 வீடுகளுக்கு இணைப்பு உள்ளது, நீர் வருவதில்லை. வாங்கிப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது.

அடுத்து, லைனில் மாட்டியிருக்கும் மோட்டார்களை அகற்றுவது என்று ஒரு தீர்மானம். யார் முன்மொழிவது? காலனிக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள், வேப்பமரத்தடியும் என்னைப் பார்த்தது. முன்மொழிந்தேன். வழிமொழிய யாரும் எழவில்லை. பற்றாளர் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் டேங்க் ஆபரேட்டர் கையைத் தூக்கினார். வீட்டிலேயே மோட்டார் இல்லாத மனுஷன்.

பஸ் கேட்ட தம்பி நேற்று எழுதியிருக்கிறார். சீல் வாங்கிய நகலோடு நான்கு தடவை டெப்போவுக்கு நடந்தாராம். பொங்கலுக்குப் பிறகு பஸ் வருகிறது, ஏழு மணிக்கு இல்லை, ஏழே முக்காலுக்கு. பள்ளிக்கூட மணி அடித்தபின் பிள்ளைகள் இறங்குகிறார்கள். அடுத்த தீர்மானத்துக்கு வாசகம் கேட்டிருக்கிறார். நாளை எழுதித் தருகிறேன் தம்பி.

28 ஜனவரி

காலையில் கோயில் தெருவிலிருந்து ஒருவர் அரை ஹெச்.பி. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பழைய வாடிக்கையாளர். எரிந்துவிட்டது, காயில் கட்ட வேண்டும். நான் கட்டித் தரமாட்டேன் என்றேன். "முந்தாநேத்து தீர்மானத்துக்காகவா? அது யூனியன் ஆபீஸ் போய்ச் சேரவே ஒரு மாசம் ஆகும்ணே" என்று சிரித்தார். மோட்டாரைக் கடைத் திண்ணையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.